தோல்ல தெரியுற கேன்சர் அறிகுறி: நான் ஜோடி போட்டு படிச்ச விதம்

நீட் பிஜிக்கு (டாக்டர் மேற்படிப்பு நுழைவுத் தேர்வு) படிக்கிற ஜூனியர்ஸ் பல பேர் கேக்கறீங்க, இந்த பாராநியோபிளாஸ்டிக், அதாவது உள்ள இருக்கற கேன்சர் தோலுக்குப் பரவாமலே தோல்ல அறிகுறி காட்டற வியாதியெல்லாம் எப்படிண்ணா ஞாபகம் வெச்சுக்கறதுன்னு. நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், ஒருபக்கம் பாலக்காடு இன்னொருபக்கம் கோயம்புத்தூர்னு பஸ்லயே பாதி படிச்சவன். தோல் இந்தப்பக்கம் கேன்சர் அந்தப்பக்கம்னு டேபிள் போட்டு உருப்போட்டா நிக்காதுங்க, அதனால ஒவ்வொண்ணையும் அது மாதிரியே இருக்கற சாதாரண வியாதியோட ஜோடி சேத்துத்தான் படிச்சேன்.

அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ், அதான் தோல் மடிப்பு கறுத்து தடிக்கறது, எடுத்துக்கங்க. நம்ம பக்கம் ஓபில கழுத்து கறுத்து வர்றவங்க தினமும் உண்டு, பெரும்பாலும் உடம்பு வெயிட்டும் சுகரும்தான். ஆனா கேள்வில ஒல்லியான 60 வயசு ஆளு, கொஞ்ச மாசத்துல மளமளன்னு கறுத்துருச்சு, அரிப்பு வேற, உதடு வாய்க்குள்ள வரைக்கும் போயிருச்சு, எடையும் குறையுதுன்னா முதல்ல வயித்து அடினோகார்சினோமா (சுரப்பி செல்லுல வர்ற கேன்சர்). கூடவே உள்ளங்கை தடிச்சு சொரசொரன்னு மடிப்பா இருந்தா ட்ரைப் பாம்ஸ், ட்ரைப்னா நம்ம ஆட்டுப் போட்டிதான், அதைக் கழுவிப் பாத்தவங்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். உள்ளங்கை மட்டும் அப்படின்னா நுரையீரலைத் தேடணும், இதை நல்லா கேப்பாங்க.

லெசர் ட்ரேலான்னா செபோரிக் கெரட்டோசிஸ் (மரு மாதிரி பழுப்புத் திட்டு) திடீர்னு நிறைய வர்றது, வயசானா அது யாருக்குத்தான் இல்ல, அதனாலயே இந்த அறிகுறிய நம்பலாமான்னு இன்னும் சண்டை போடறாங்க. எத்தனை இருக்குங்கறத விட எவ்வளவு வேகமா வந்துச்சுங்கறதுதான் விஷயம். கேஸ் எடுக்கறப்போ பழைய போட்டோ, மகன் கல்யாண ஆல்பம் ஏதாச்சும் இருக்கான்னு கேளுங்க, எக்ஸாமினர் நிமிந்து பாப்பாரு.

தொடை இடுக்குல சிவந்து உரியுது, பூஞ்சைன்னு கிரீமா மாத்திட்டே இருக்காங்க, புதுசா சுகர், ரத்தசோகை, நாக்கு செவசெவன்னு இருக்குன்னா நெக்ரோலிடிக் மைக்ரேட்டரி எரித்திமா, கணையத்துல குளுக்ககோனோமா (குளுக்ககான் ஹார்மோனை சுரக்கற கட்டி). ஜிங்க் குறைவும் பயாப்சில கிட்டத்தட்ட இப்படியேதான் இருக்கும், ஜோடி அதான்.

சோரியாசிஸ் மாதிரியே இருக்கு ஆனா காது மடல், மூக்கு நுனில வருதுன்னா பாசெக்ஸ் சிண்ட்ரோம், தொண்டை, உணவுக்குழாய் மேல்பக்கம் கேன்சர் இருக்கான்னு பாருங்க.

டெர்மடோமயோசைடிஸ்ல (தோலும் தசையும் அழற்சியாகற வியாதி) வயசு முக்கியம். பெரியவங்கன்னா ஓவரி, நுரையீரல், தென் சீனா பக்கம்னா மூக்குக்குப் பின்னாடி நாசோஃபேரிங்ஸ், ஆன்டிபாடி டிஐஎஃப்1 காமா. குழந்தைக்கு அதே ஆன்டிபாடி வந்தாலும் கேன்சர் தேடி ஓடாதீங்க.

அப்புறம் ஆப்ஷன்ல தொப்புள் கட்டி, சிஸ்டர் மேரி ஜோசப் நோட்யூல் வெச்சிருப்பாங்க, அது கேன்சரே பரவி வந்தது, இந்த லிஸ்ட்ல சேராது.