இங்கே குளிர் அதிகம் இல்லை

கஜா புயல் அடித்து ஓய்ந்த காலையில்தான் அந்தக் கடிதங்கள் வெளியே வந்தன. 2018 நவம்பர் 16. மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். வீட்டின் பின்கட்டு ஓடு மொத்தமும் போய், பரணில் இருந்த என் பட்டாளத்து டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. திறந்து பார்த்தால், மடித்து வைத்த யூனிஃபார்முக்கு அடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் கட்டுக் கட்டாக இன்லாண்ட் லெட்டர். எல்லாம் நான் எழுதியவை. 1990இல் கல்யாணம் ஆனதிலிருந்து வீட்டுக்குப் போன் வரும்வரை என் மனைவிக்கு எழுதியது ஒன்றுகூட விடாமல் அவள் சேர்த்து வைத்திருந்தாள். எனக்கு அது தெரியவே தெரியாது.

முற்றத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, பறக்காமல் இருக்க உடைந்த ஓட்டுச் சில்லுகளை மேலே வைத்துக் காயவைத்தோம். கரண்ட் வரப் பல நாள் ஆயிற்று. சாயங்காலம் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தேன். 1999 ஜூன் மாதக் கடிதம் ஒன்று இப்படி இருந்தது:

"நலம், நலமறிய ஆவல். இங்கே குளிர் அதிகம் இல்லை. சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது. வண்டி ஓட்டும் வேலைதான், பயப்பட ஒன்றும் இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா? நாற்றங்காலுக்கு மாமாவிடம் சொல்லி வை."

அந்த வாரம் நான் இருந்தது காஷ்மீரில், கார்கில் சண்டை நடந்துகொண்டிருந்த திராஸ் பக்கம். மேலே மலையில் இருந்து எதிரிகள் சாலையைப் பார்த்துக் குண்டு போட்டுக்கொண்டிருந்த நாட்கள். முகவரியில் 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் நிலையத்தின் எண் மட்டும்தான் இருக்கும், எங்கே இருக்கிறேன் என்பது வீட்டுக்குத் தெரியாது. நான் சொல்லவும் கூடாது. அதோடு, சொல்ல விரும்பவும் இல்லை. அந்தக் கட்டு முழுக்க அப்படித்தான். பத்து வருஷமாக நான் எழுதியதில் குளிரும் இல்லை, பயமும் இல்லை. இந்தக் கடிதங்களில் இல்லாததை எழுத வேண்டும் என்று அந்த அரிக்கேன் வெளிச்சத்தில்தான் தோன்றியது. அப்போது எனக்கு வயது 53.

நான் 1984இல் சேர்ந்தவன். ஆர்மி சர்வீஸ் கோர், சுருக்கமாக ஏ.எஸ்.சி. ரேஷன், டீசல், வெடிமருந்து எல்லாவற்றையும் முன்னணிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பிரிவு. பெங்களூரில் டிரெய்னிங், அப்புறம் 24 வருஷம் டிரைவர். 2008இல் ஹவில்தாராக ஓய்வு. ஊருக்கு வந்து ஒரு வங்கியில் காவலாளி வேலை, மீதி நேரம் ஐந்து மா நிலம். எழுத்து என்றால் எனக்குத் தெரிந்தது வண்டியின் லாக் புக்கும் இந்த லெட்டர்களும் மட்டும்தான்.

முதல் நோட்டு 80 பக்கம். பொங்கலுக்குள் எழுதி முடித்துவிட்டேன். எங்கள் டவுன் நூலகத்தில் வாசகர் வட்டம் உண்டு. அங்கே வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவந்தார். ஒரே ஒரு இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். "காலை 0430 மணிக்கு கான்வாய் புறப்பட்டது. குளிர் கடுமையாக இருந்தது. 2 வண்டிகள் பழுது. 1100 மணிக்குச் சேர்ந்தோம்" என்று நான் எழுதியிருந்த இடம்.

"குளிர் கடுமையா இருந்துச்சுன்னு போட்டிருக்கீங்க. அப்ப உங்க கை எங்க சார் இருந்துச்சு?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை அக்குளில். மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். கையுறை போட்டால் கியர் பிடி கிடைக்காது, கழற்றினால் விரல் மரத்துவிடும். ராத்திரி வண்டியை நிறுத்தினாலும் நிம்மதியாகத் தூங்க முடியாது. மணிக்கொரு தரம் எழுந்து இன்ஜினை ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் காலையில் கிளம்பாது. இதை எல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டே போனேன். "இதத்தான் எழுதணும்" என்றார்.

அந்த ஒரு கேள்வியில்தான் எனக்குக் கதவு திறந்தது. பட்டாளத்தில் ரிப்போர்ட் கொடுக்கும்போது தேவையில்லாததை எல்லாம் வெட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். நேரம், இடம், எண்ணிக்கை, நிலைமை. அது சரியான பழக்கம், அதனால் உயிர்கள் பிழைத்திருக்கின்றன. ஆனால் ரிப்போர்ட்டில் இருந்து வெட்டிப் போட்டதும், கடிதத்தில் மறைத்து வைத்ததும்தான் நான் எழுத வேண்டியது. அதற்குப் பிறகு ஒரு வழி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாள் காலையும் ஒரு பழைய கடிதத்தை எடுப்பேன். அதில் இருக்கும் ஒரு வரியை நோட்டின் மேலே எழுதுவேன். அதற்குக் கீழே அன்றைக்கு நிஜமாக நடந்தது. எழுத என்ன இருக்கிறது என்று யோசிக்கும் வேலையே எனக்கு வரவில்லை.

"ராத்திரி டூட்டி, அதனால் பகலில் நல்ல தூக்கம்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே எழுதியது இது. ராத்திரி ஹெட்லைட் இல்லாமல் திராஸைத் தாண்ட வேண்டும். ராணுவ வண்டிகளின் பின் அச்சில், நடுவில் உருண்டையாக இருக்குமே, அதில் வெள்ளை பெயிண்ட் அடித்திருப்பார்கள். அதன்மேல் விழுகிற மாதிரி ஒரு சின்ன விளக்கு. பின்னால் வருகிறவன் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான். சாலை தெரியாது, பள்ளம் தெரியாது, முன்னால் போகிற வண்டியே தெரியாது. ஒரு தட்டு அளவு வெள்ளை மட்டும் ஆடி ஆடிப் போகும். அது பெரிதானால் நெருங்கிவிட்டோம், சிறிதானால் பின்தங்கிவிட்டோம். கண்ணை இமைக்கவே பயமாக இருக்கும். இந்த ஒரு பத்தியை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. என் மனைவி படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அரை மணி நேரம் கழித்து வந்து, "ராத்திரி டூட்டின்னா கேட்டுல நிக்கிறதுன்னு நெனச்சேங்க" என்றாள். இருபது வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மொழி இன்னொரு சிரமம். 24 வருஷம் பேசியது இந்தி. சமையல் கூடத்தை 'லங்கர்' என்றுதான் எனக்குச் சொல்ல வரும். மண்ணெண்ணெய்க் கணப்பு எனக்கு 'புகாரி'தான். நல்ல தமிழில் மாற்ற வேண்டுமோ என்று ஒரு அத்தியாயம் முழுக்க மாற்றிப் பார்த்தேன். டீச்சர்தான் தடுத்தார். லங்கர் லங்கராகவே இருக்கட்டும், முதல் தடவை வரும்போது என்னவென்று தெரிகிற மாதிரி எழுதினால் போதும் என்றார். ஒற்றுப்பிழையை மட்டும் விடமாட்டார். க், ச், த், ப் எங்கே மிகும் என்று எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால் முன்னைக்கு இப்போது பரவாயில்லை.

எழுதுகிற நேரம் விடியற்காலை நாலரை. பட்டாளத்தில் பி.டி.க்கு, அதாவது காலை உடற்பயிற்சிக்கு எழுந்த பழக்கம், உடம்பு தானே எழுந்துவிடும். வயல் வேலை அதிகமான மாதங்களில் நோட்டைத் தொடவே முடியாது. சம்பா நட்டு முடித்து ஓய்கிற நாட்களில் நிறைய ஓடும். அவசரப்பட வேண்டாம் என்று இப்போது ஆரம்பிக்கிறவர்களுக்குச் சொல்லுவேன். எனக்கு நாலு வருஷம் ஆயிற்று. அதில் இரண்டு மாதம் ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு நண்பனின் சாவைப் பற்றிய அத்தியாயம் அது. எழுத உட்கார்ந்தால் அன்று ராத்திரி தூக்கம் போய்விடும். வீட்டில் எரிந்து விழுந்தேன். அப்புறம் என்னோடு சர்வீஸில் இருந்த சுபேதார் ஐயா ஒருவருக்குப் போன் செய்து அரை மணி நேரம் பேசினேன். அவரும் அதே சாலையில் ஓடியவர். பேசிய பிறகுதான் எழுத முடிந்தது. இப்படிப்பட்ட இடம் வரும்போது தனியாக உட்கார்ந்து மல்லுக்கட்டாதீர்கள். கூட இருந்தவர்களிடம் பேசுங்கள்.

அதே சுபேதார் ஐயாதான் இன்னொன்றையும் எடுத்துச் சொன்னார். ஓய்வு பெற்றுவிட்டோம் என்பதற்காக எல்லாவற்றையும் எழுதிவிட முடியாது. 1923ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டம் நமக்கும் உண்டு. யூனிட் எண், எத்தனை வண்டி, சரக்கு இறக்கி வைக்கும் டம்ப் எங்கே, வயர்லெஸ் நடைமுறை, இதெல்லாம் என் கையெழுத்துப் பிரதியில் இருந்தது. அவரை ஒரு தடவை படிக்கச் சொல்லி, அவர் காட்டிய இடங்களை எல்லாம் அடித்துவிட்டேன். அடித்ததால் எந்த அத்தியாயமும் கெட்டுப்போகவில்லை. குளிருக்கும் பயத்துக்கும் யூனிட் எண் தேவைப்படவில்லை.

நோட்டு முடிந்ததும் டைப் செய்ய வேண்டுமே. போனில் பேசி டைப் செய்து பார்த்தேன், 'திராஸ்' என்றால் 'திராட்சை' என்று வந்தது. கடைசியில் என் மகள்தான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து யூனிகோடில் அடித்துக் கொடுத்தாள். அவளும் என் கதையை அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தாள்.

புத்தகமாக்குவதில் நான் ஏமாந்ததைச் சொல்லியாக வேண்டும், மற்றவர்களுக்கு உதவும். ஒரு பதிப்பகத்தில் 25,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். எத்தனை பிரதி, எப்போது, பிழை திருத்துவது யார் என்று ஒரு தாளில்கூட எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. எட்டு மாதம் ஓடியது. போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். பணம் வரவில்லை. புத்தகத்துக்கு அடையாளமாகப் போடுகிற ஐ.எஸ்.பி.என். எண் வாங்கவே தனியாகப் பணம் என்று அவர்கள் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த எண்ணை மத்திய அரசின் நிறுவனம் இலவசமாகவே தருகிறது. ஆன்லைனில் நாமே விண்ணப்பிக்கலாம். பென்ஷன் பணத்தை வைத்து எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இப்படி மாட்டிக்கொள்கிறார்கள். வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் நானே தஞ்சாவூரில் ஒரு அச்சகத்தைப் பிடித்தேன். டெம்மி அளவு, 144 பக்கம். 16 பக்கம் ஒரு பாரம், அந்தக் கணக்கில் ஒன்பது பாரம். பக்கம் வடிவமைக்கும் இடத்தில் யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றியதில் கொம்புகளும் கால்களும் இடம் மாறிவிட்டன. 'பொழுது' என்ற சொல் ஒரு இடத்தில்கூட ஒழுங்காக வரவில்லை. மூன்று தடவை புரூஃப் பார்த்தோம். இரண்டு தடவை நான், ஒரு தடவை டீச்சர். எழுதியவன் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது, மனசு சரியாகவே படித்துக்கொண்டு போய்விடும். அதனால் இன்னொருவர் பார்ப்பது கட்டாயம். 300 பிரதி போட்டோம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன்பு ஒரு வேலை செய்ய வேண்டியிருந்தது. தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்த வேலை.

நண்பன் என்று சொன்னேனே, அவன் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்காரன். சண்டை முடிந்து, ஜூலையில் எல்லாரும் இனிப்புக் கொடுத்துக் கொண்டாடி, எல்லாம் ஓய்ந்த பிறகு அக்டோபரில் ஜோஜிலா கணவாய் இறக்கத்தில் மண் சரிந்து அவன் வண்டி பள்ளத்தில் போய்விட்டது. அவனைப் பற்றி எழுதியதை அவன் வீட்டில் கேட்காமல் அச்சில் ஏற்றக் கூடாது என்று எனக்குள் ஒரு முடிவு. பெயரை மாற்றியிருந்தேன். ஆனாலும் அவன் அவன்தானே.

அவன் அம்மாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிற வயது. அண்ணன் வீட்டுத் திண்ணையில் இருந்தார். அடையாளம் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விஷயத்தைச் சொன்னேன். "வாசி தம்பி. முழுசா வாசி" என்றார்.

வாசித்தேன். விபத்துக்கு முன்தின ராத்திரி, வண்டிக்குப் பின்னால் ஸ்டவ் வைத்து, ஊரில் இருந்து வந்த புளியைக் கரைத்து அவன் குழம்பு வைத்த இடம். "வலது கையால் கிளறிக்கொண்டே ஊர்க்கதை பேசினான்" என்று எழுதியிருந்தேன். அந்த அம்மா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அவன் பீச்சாங்கைக்காரன் தம்பி. சாப்பாட்டுக்கும் எழுத்துக்கும்தான் அடிச்சு அடிச்சு மாத்தினேன். மத்த வேலை எல்லாம் பீச்சாங்கைதான்."

அவர் சொன்னதும் எனக்கு நினைவு வந்துவிட்டது. ஸ்பேனரைக்கூட இடது கையில்தான் பிடிப்பான். ஆறு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்ததை நான் மாற்றி எழுதியிருந்தேன். அங்கேயே பேனாவை எடுத்துத் திருத்தினேன்.

மீதியையும் வாசித்து முடித்தேன். அழவில்லை அவர். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவனும் உன்னை மாதிரிதான், குளிரே இல்லம்மான்னு எழுதுவான்" என்றார். பிறகு, "புளி தீரப் போகுதுன்னு ஒரு லெட்டர் போட்டிருந்தான். பார்சல் பண்ணி அனுப்பினேன். அதுக்குள்ளதான் தந்தி வந்துடுச்சு. அந்தப் புளி அங்க வந்துச்சா தம்பி?" என்று கேட்டார்.

வந்தது. அவன் போய்ப் பதினைந்து நாள் கழித்து. துணியில் தைத்து, நீல மையில் அவன் பெயர் எழுதிய பார்சல். திருப்பி அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. தமிழ்ப் பையன்கள் எட்டுப் பேர் இருந்தோம். இதை நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை, நோட்டிலும் எழுதவில்லை.

"வந்துச்சும்மா. நாங்க குழம்பு வச்சோம்" என்றேன்.

"என்ன போட்டு வச்சீங்க?"

"அங்க மீன் கிடைக்காதும்மா. உருளைக்கிழங்கு போட்டு வச்சோம்."

"சரி, சரி" என்று தலையை ஆட்டினார். "காரம் பத்துச்சா?"