ஆர்எக்ஸ்இசட் முன் பிரேக்: பினாங்கு நாட்குறிப்பு

அக்டோபர் 4, 2025, சனி

மாமா கொடுத்த யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார் சைக்கிளின் முன் பிரேக் வேலையை இனித் தள்ளிப்போட முடியாது. இன்று பாலிக் பூலாவிலிருந்து துன் சார்டன் சாலை வழியாக இறங்கினோம், பின்னால் மனைவி. மேலே நன்றாகப் பிடித்த பிரேக், பாயா தெருபோங் நெருங்க நெருங்கத் தளர்ந்து, லிவர் கைப்பிடி வரை வந்துவிட்டது. நிறுத்தி ஆறவைத்த பிறகுதான் பழைய நிலைக்கு வந்தது.

135 சிசி டூ ஸ்ட்ரோக். இறக்கத்தில் கியரைக் குறைத்தாலும் இன்ஜின் பெரிதாக இழுத்துப் பிடிக்காது. பின் சக்கரத்தில் டிரம் பிரேக். ஆக, பாரமெல்லாம் அந்த ஒற்றை முன் டிஸ்க்கின் தலையில்தான்.

அக்டோபர் 7, செவ்வாய்

கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: நான்கு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) போடு, பெரிய மாஸ்டர் பம்ப் (லிவரை அழுத்தும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளும் பம்ப்) போடு. பார்க்க அழகாக இருக்கும், சரி. ஆனால் கணக்கு அப்படி இல்லை.

அரை அங்குல பம்ப்பை எடுத்துவிட்டு எட்டில் ஐந்து அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டருக்குப் பதில் 15.9 போட்டால், பிஸ்டனின் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். விரலில் அதே பலம் கொடுத்தால் எண்ணெயில் ஏறும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோகும். லிவர் கல் மாதிரி இருக்கும். பிரேக் பலமாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் இன்னும் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். மறுபக்கம், சின்னப் பம்ப்போடு பெரிய காலிப்பரைச் சேர்த்தால் லிவர் முழுக்க உள்ளே வந்துவிடும். இரண்டும் பொருந்தினால்தான் பிரேக்.

ஜெலுத்தோங்கில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "தம்பி, மொதல்ல இருக்கறத ஒழுங்கா வேல செய்ய வைப்போம். அப்புறம் பத்தலன்னா பாக்கலாம்" என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

அக்டோபர் 11, சனி

கழற்றினோம். பம்ப்பின் மூடியைத் திறந்தால் எண்ணெய் தே ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் கிடக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம் ஊர்க் காற்றைச் சொல்லவே வேண்டாம். டாட் 4 ரக பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தின் சூட்டில் எண்ணெய் ஆவியாகும், லிவர் அந்த ஆவியைத்தான் அமுக்கும். போன சனிக்கிழமை நடந்தது அதுதான்.

எண்ணெயை வடிக்கும் முன் அண்ணன் இன்னொன்று காட்டினார். ரப்பர் ஹோஸை என் இரண்டு விரலுக்கு நடுவில் பிடிக்கச் சொல்லிவிட்டு லிவரை அழுத்தினார். ஹோஸ் விரலுக்குள் உப்புவது நன்றாகத் தெரிந்தது. டிஸ்க்கில் உரசி நிறுத்தும் பேடைத் தள்ள வேண்டிய எண்ணெய் ஹோஸை ஊதுவதில் வீணாகியிருக்கிறது. மேல்முனையில், இரும்புப் பூண் கவ்வும் இடத்தில், மெல்லிய வெடிப்புகள் வேறு.

காலிப்பர் பிஸ்டனில் துரு வளையம். காலிப்பர் நகர்வதற்கான சறுக்குப் பின்கள் காய்ந்து ஒட்டிக் கிடந்தன. டிஸ்க்கை வெர்னியரால் அளந்தோம். அதன் மேலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு இன்னும் மேலே இருக்கிறது. டிஸ்க் தப்பித்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

புது பிஸ்டன், புது சீல், பின்களுக்கு சிலிக்கோன் கிரீஸ், சின்டர்ட் பேட் (உலோகத் தூளை இறுக்கிச் செய்தது), ஸ்டீல் கம்பி பின்னிய ஹோஸ், இரண்டு முனையிலும் புதுச் செப்பு வாஷர். பழைய வாஷரை மறுபடி போடவே கூடாது. ஒரு தடவை நசுங்கியது மறுமுறை ஒழுங்காக அடைக்காது.

எண்ணெய்க்குள் சிக்கிய காற்றை எடுப்பதில்தான் நேரம் போனது. காலிப்பரில் காற்றை வெளியேற்றும் நிப்பிளில் மாட்டிய தெளிந்த குழாயில் குமிழ்கள் நின்றபிறகும் லிவர் மெத்தென்றே இருந்தது. அண்ணன் திருப்புளியின் பிடியால் ஹோஸைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஹோஸைப் பம்ப்போடு இணைக்கும் பேஞ்சோ போல்ட் பக்கம் ஒளிந்திருந்த குமிழ் ஒன்று பம்ப்புக்குள் வந்து உடைந்தது. டேங்க் மேல் ஈரத்துணி போட்டிருந்தோம். இந்த எண்ணெய் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். லிவரை அழுத்தி, டியூப் ரப்பரால் கட்டி, இரவு அப்படியே விட்டோம்.

அக்டோபர் 18, சனி

திங்கட்கிழமை தீபாவளி, லிட்டில் இந்தியா பக்கம் மோட்டாரை நுழைக்கவே முடியவில்லை. விடியற்காலையில் ஆள் இல்லாத சாலையில் பேடைப் பழக்கினேன்: வேகத்திலிருந்து படிப்படியாகக் குறைத்து, முழுக்க நிற்காமல் விட்டு, ஆறவைத்து, மறுபடி. அப்புறம் அதே துன் சார்டன் இறக்கம். கடைசி வளைவிலும் இரண்டு விரல் போதுமாக இருந்தது. லிவர் தொடங்கிய இடத்திலேயே பிடிக்கிறது. நான்கு பிஸ்டன் காலிப்பர் எனக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனித்தேன்: பிரேக் பலமானதும் முன்பக்கம் முன்னைவிட அதிகமாக அமிழ்கிறது. ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக்) எண்ணெயும் சீலும் தீபாவளி முடிந்ததும் மாற்ற வேண்டும். உதிரிபாகக் கடை தௌக்கேயிடம் (முதலாளியிடம்) சொல்லி வைத்துவிட்டேன்.