சாலைப் பள்ளம் ப்ராஜெக்ட் எடுக்கிறவர்களுக்கு

கல்லூரிக் கடைசி வருடம் நானும் நண்பனும் எடுத்த ப்ராஜெக்ட், கேமரா படத்திலிருந்து சாலைச் சேதத்தைத் தானாகக் கண்டுபிடிப்பது. இந்த வருடம் அதையே எடுக்கும் தம்பி தங்கைகளே, படங்களைப் பிரிக்கும் விஷயத்தில் நாங்கள் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

பைக்கில் போனை மாட்டி, காட்பாடியிலிருந்து பாகாயம் வரையிலும், அப்புறம் கணியம்பாடி பக்கமும் வீடியோ எடுத்தோம். அதைப் படங்களாக வெட்டி, மொத்தமாகக் குலுக்கி, 80 சதவீதம் மாடலின் பயிற்சிக்கு, மிச்சம் சோதனைக்கு என்று வைத்தோம். படத்தில் இருப்பதைக் கண்டுபிடித்துச் சுற்றிலும் பெட்டி போடும் யோலோ மாடல் பிரமாதமான மதிப்பெண் காட்டியது. இரண்டாவது ரிவ்யூவில் மேடம் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். ஒரே பள்ளம். ஓரத்தில் அதே உடைந்த செங்கல். ஒன்று பயிற்சியில் இருக்கிறது, மற்றது சோதனையில். ஏற்கெனவே பார்த்த பள்ளத்தைத்தான் மாடல் திரும்பக் காட்டியிருக்கிறது!

அதனால் சாலை வாரியாகப் பிரியுங்கள். நாங்கள் சத்துவாச்சாரியில் புதிதாக எடுத்த படங்களை முழுக்கச் சோதனைக்கு ஒதுக்கினோம். மதிப்பெண் நன்றாகவே இறங்கியது, ஆனால் எங்கே தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. காலை 7 மணிக்குச் சாலையில் விழுந்த புளியமர நிழலை, கிளை கிளையாக இருந்ததால், முதலைத்தோல் விரிசல் (வலை மாதிரி பின்னிய விரிசல்) என்று மாடல் பெட்டி போட்டிருந்தது. மழைத் தண்ணீர் நின்ற பள்ளத்தில் வானம் தெரிந்ததால் அதை விட்டுவிட்டது. சேதமே இல்லாத நிழல் படங்களைப் பெட்டி போடாமல் பயிற்சியில் சேர்த்த பிறகு நிழல் தொல்லை குறைந்தது.

சொந்தப் படம் மட்டும் போதாது. ஆர்டிடி 2022 என்ற சாலைச் சேதப் படத் தொகுப்பில் இந்தியா, ஜப்பான் உட்பட 6 நாடுகளின் 47,420 படங்கள் இருக்கின்றன. நீளவாட்டு விரிசல், குறுக்கு விரிசல், முதலைத்தோல் விரிசல், பள்ளம் என்று 4 வகை. முதலில் அதில் பயிற்சி கொடுத்துவிட்டு, நம் ஊர்ப் படங்களுக்கு வாருங்கள். தார் ஒட்டுப் போட்ட இடம் சேதமா இல்லையா என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு மாதிரி பெட்டி போட்டால் மாடல் குழம்பும்.

வைவாவுக்கு ஐஓயு கணக்கைக் கையால் போட்டுப் பழகுங்கள். மாடல் போட்ட பெட்டியும் நாம் போட்ட பெட்டியும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதுதான் அது; பொதுவான பரப்பை, இரண்டும் சேர்ந்த பரப்பால் வகுக்க வேண்டும். 10க்கு 10 அளவில் இரண்டு பெட்டிகள், ஒன்று பக்கவாட்டில் 5 தள்ளியிருக்கிறது என்றால், பொதுவான பரப்பு 50, இரண்டும் சேர்ந்த பரப்பு 150. விடை 0.33. பாதி மேலே படிந்திருந்தும், சரியாகக் கண்டுபிடித்தது என்று எடுத்துக்கொள்ள வழக்கமாக வைக்கும் 0.5 என்ற எல்லையைத் தாண்டவில்லை. என்னிடம் கேட்டது இதைத்தான்.

வீடியோ எடுக்க இரண்டு பேராகப் போங்கள். போனைப் பின்னால் இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும், ஓட்டுகிறவர் சாலையை மட்டும் பார்க்கட்டும்.