வெயில் சுட்டு எழுதும் கணக்கு

மழையை ஒரு குவளையில் பிடித்து அளந்துவிடலாம். வெயில் எத்தனை மணி நேரம் அடித்தது என்பதை எப்படி அளப்பது? எனக்கு ரொம்பப் பிடித்த பதில் ஒரு கண்ணாடி உருண்டை. சுமார் 10 சென்டிமீட்டர் விட்டம், பின்னால் கிண்ணம் மாதிரி வளைந்த சட்டம், அதில் செருகிய ஓர் அட்டை, அவ்வளவுதான். சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதத்தைச் சுட்டிருப்போமே, அதே வேலைதான் இங்கும். சூரியன் நகர நகர அந்தச் சூடான புள்ளியும் அட்டையில் ஊர்ந்து ஒரு கருகிய கோட்டைப் போட்டுக்கொண்டே போகும், மேகம் மறைத்தால் கோடு அறுந்துவிடும். சூரியன் மறைந்ததும் அட்டையை எடுத்து, கருகிய துண்டுகளின் நீளத்தைக் கூட்டினால் அன்றைய கணக்கு வந்துவிடும். கடிகாரமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

1853-இல் ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜான் பிரான்சிஸ் காம்ப்பெல் இதை முதலில் செய்தபோது அட்டை கிடையாது, கிண்ணமே கருகியது. அடுத்தடுத்த நாள்களின் தடம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் எது எந்த நாள் என்று பிரிப்பது எப்படி? 1879-இல் இயற்பியலாளர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் உலோகச் சட்டமும் அட்டையும் கொண்டுவந்தார். சூரியனின் பாதை பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவதால் கோடைக்கு நீள வளைவு, குளிர்காலத்துக்குக் குட்டை வளைவு, நடுவில் நேர் அட்டை என மூன்று வகை.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. துண்டு துண்டு மேகங்கள் ஓடும் நாளில் வெயில் சில நொடி எட்டிப் பார்த்தாலே அட்டையில் பெரிய புள்ளி விழும். அதை அளப்பவர் உண்மையைவிட அதிக நேரம் எழுதிவிடுவார். அதிகாலையில் வெயில் தெரிந்தாலும் அட்டை கருகாது, பனி ஈரம் இருந்தால் இன்னும் தாமதம். உலக வானிலை அமைப்பின் இன்றைய வரையறை தெளிவானது: நேரடிச் சூரியக் கதிர் சதுர மீட்டருக்கு 120 வாட்டைத் தாண்டினால்தான் வெயில். மின்னணு உணரிகளால் அதை நேராகச் சோதிக்க முடியும், அட்டையால் முடியாது.

அப்புறம் ஏன் எனக்கு அட்டைமேல் இத்தனை அக்கறை? அட்டைக் கருவியை எடுத்துவிட்டு ஒரே நாளில் மின்னணு உணரிக்கு மாறினால், பல பத்தாண்டுப் பதிவில் வெயில் திடீரெனக் குறைந்ததுபோலத் தெரியும், குறைந்தது வெயில் இல்லை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் சில வருடங்களாவது ஓடவிட்டு ஒப்பிட்டால்தான் பழைய எண்களைத் திருத்த முடியும். பழைய அட்டைகளைத் தூக்கியும் போடாதீர்கள், ஸ்கேன் செய்து வையுங்கள்: கருகிய தடத்தின் அகலத்தை வைத்து அன்றைய கதிரின் வலுவைக்கூட மதிப்பிடலாம். நோட்டில் எழுதிய 7.4 மணி என்ற எண்ணில் அது கிடைக்காது.