டிசம்பர் வேண்டாம், ஆனி ஆடியில் வாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குடியேறியதிலிருந்து ஊரிலிருந்து வரும் போன்களில் ஒரு கேள்வி தவறுவதில்லை: "எப்போ வந்தா எல்லாத்தையும் பார்க்கலாம்?" கேட்பவர்களே டிசம்பர் லீவு என்று பதிலும் சொல்லிவிடுகிறார்கள். டிசம்பரில் இங்கே வெயில், மழை, புழுக்கம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. ஜூன், ஜூலைதான் இங்கே குளிர்காலம். காட்டையும் கடலையும் பார்க்க அதைவிட நல்ல பருவம் இல்லை.

குளிர் என்றதும் பயப்பட வேண்டாம். பகலில் 22, 23 டிகிரி இருக்கும், மழை அபூர்வம். விடியற்காலையும் ராத்திரியும்தான் சிரமம். பெரும்பாலான வீடுகளில் அறையைச் சூடாக்கும் வசதி கிடையாது, தரை ஜில்லென்று இருக்கும். ஸ்வெட்டரும் சாக்ஸும் இல்லாமல் வராதீர்கள். கேப்டவுனையும் இதே பயணத்தில் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். அங்கே மழைக்காலமே இந்த மாதங்கள்தான். அதை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வடக்கே என்2 நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டினால் ஷ்லுஷ்லுவே-இம்ஃபோலோசி காடு. வழியெல்லாம் கரும்பு. வெட்டும் காலம் என்பதால் தோகையை எரிக்கும் புகை சாலை வரை வரும். 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. இந்தக் கரையோரக் கரும்புக்காகத்தான் அவர்களைக் கொண்டுவந்தார்கள். அந்தப் புகையைக் கடக்கும்போது காரில் பேசிக்கொண்டிருந்தது எதுவானாலும் எனக்கு நின்றுவிடும்.

கோடையில் அந்தக் காட்டில் புல் ஆள் உயரம் நிற்கும், பக்கத்தில் யானை நின்றாலும் தெரியாது. குளிர்காலத்தில் புல் காய்ந்து சாய்ந்துவிடும், மரங்களும் இலை உதிர்க்கும். குட்டைகள் வற்றுவதால் விலங்குகள் ஆற்றங்கரைக்கு வந்தாக வேண்டும். மலேரியா பயமும் இந்த மாதங்களில் மிகக் குறைவு. சொந்தக் காரிலேயே உள்ளே போகலாம். ஆனால் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, தோன்றிய இடத்தில் இறங்கக் கூடாது. மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், அதற்கேற்பத் திரும்பிவிடுங்கள்.

அங்கே காண்டாமிருகத்தைப் பார்க்காமல் வராதீர்கள். தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் என்ற இனமே வேட்டையில் அழிந்து நூற்றுக்கும் குறைவாக மிஞ்சியது இந்த இம்ஃபோலோசிப் பகுதியில்தான். 1895-இல் இதைப் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவித்தார்கள். 1960-களில் வன அதிகாரி இயன் பிளேயரும் அவர் கூட்டாளிகளும் இங்கிருந்து விலங்குகளைப் பிடித்து வேறு பூங்காக்களுக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்பி இனத்தைப் பெருக்கினார்கள். இன்று உலகில் எங்கே அந்த இனத்தைப் பார்த்தாலும் வேர் இங்கேதான். கள்ள வேட்டைக்காரர்களிடமிருந்து காப்பாற்ற 2024-இல் இங்கே அவற்றின் கொம்பை அறுக்கத் தொடங்கினார்கள். கொம்பில்லாத அந்த முகத்தைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உயிரோடு புல் மேய்கிறதே, அது போதும்.

அப்புறம் கடல். தெற்கிலிருந்து குளிர்ந்த நீர் கரையோரமாக ஏறும்போது சார்டின் மீன் கூட்டம் கூட்டமாக வரும். நம் மத்தியின் உறவு. பின்னாலேயே டால்பின், சுறா, மேலிருந்து கடலுக்குள் பாயும் கானெட் பறவைகள். குளிப்பவர்களுக்காகக் கட்டியிருக்கும் சுறா வலைகளைக்கூட அந்த நாட்களில் எடுத்துவிடுவார்கள். எந்த நாளில், எந்தக் கரையில் என்று யாராலும் சொல்ல முடியாது; சில வருஷம் கரைக்கே வராமலும் போகும். பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குச் செய்தி எப்படித்தான் முதலில் கிடைக்குமோ, "வாங்க, வாளி எடுத்துக்குங்க" என்று கேட்டைத் தட்டுவார். அவருக்குத் தெரிந்த தமிழ் அந்த மாதிரிச் சில வாக்கியங்கள்தான், ஆனால் அவசரத்துக்கு அதுதான் வரும். கரையில் வலையை இழுக்கக் கயிற்றைப் பிடிப்பவர்களில் ஜூலுக்காரர், இந்தியர், வெள்ளைக்காரர் எல்லோரும் உண்டு. அன்று மாலை எங்கள் தெரு முழுக்க மசாலா தடவிப் பொரித்த மீன் வாசனைதான்.

இன்னும் நாள் இருந்தால் டர்பனுக்கு வடக்கே செயின்ட் லூசியா என்ற கடலோரச் சிற்றூருக்குப் போங்கள். இரவில் நீர்யானைகள் தெருவோரப் புல்லை மேய வரும், அதனால் இருட்டிய பின் நடக்க வேண்டாம். மொசாம்பிக் பக்கம் வடக்கே போகும் திமிங்கிலங்களைப் படகிலிருந்து பார்க்கலாம்.

ஆடியில் இங்கேயும் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அது விட்டுப்போகவில்லை.

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஜூன் கஷ்டம்தான், தெரியும். அப்படியானால் அப்பா அம்மாவையாவது அனுப்புங்கள். வயதானவர்களுக்கு டிசம்பர் புழுக்கத்தைவிட இந்தப் பகல் வெயில் ரொம்ப இதம். இங்கேயும் பள்ளி விடுமுறை ஜூன் கடைசியில் தொடங்குவதால் காட்டு விடுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். பொங்கலுக்குள் தேதியைச் சொல்லிவிட்டால் மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.