தூள் ஊறும் நேரம்

ஹார்மோன் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் ஒரு ஊசியைக் கொடுத்து, "இதை மட்டும் அவசரப்படாமல் போடு" என்றார் மூத்த சிஸ்டர். மாதம் ஒரு முறை போடும் ஆக்ட்ரியோடைட், சில ஹார்மோன்கள் அதிகமாகச் சுரப்பதை அடக்கும் மருந்து. குப்பியில் வெள்ளைத் தூள், தனியே ஒரு திரவம், கொஞ்சம் தடித்த ஊசி. கலந்து, புட்டத் தசையில் ஆழமாகப் போட வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

ஒரு நாள் வெளியே நோயாளிகள் நிறைய பேர் காத்திருந்தார்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குப்பியைக் குளிர் விடும் வரை வைக்காமல், திரவம் தூளுக்குள் இறங்கும் முன்பே குலுக்கிவிட்டேன். தூள் கட்டி தட்டியது. அதைக் கவனிக்காமல் போட்டபோது ஊசி பாதியில் அடைத்துக்கொண்டது. பாதி மருந்து உடம்புக்குள், மீதி சிரிஞ்சில். படுத்திருந்த அம்மாவுக்குச் சிறுகுடலில் தொடங்கி ஈரலுக்குப் பரவிய கார்சினாய்டு கட்டி. அது சுரக்கும் செரடோனின் போன்ற பொருள்களால் முகமும் கழுத்தும் குப்பென்று சிவந்து சூடேறும், வயிற்றுப்போக்கு நிற்காது. இந்த ஊசி வந்த பிறகுதான் வீட்டை விட்டு வெளியே போகவே அவருக்குத் தைரியம் வந்திருந்தது. தலையைத் திருப்பி, "போச்சா சிஸ்டர்?" என்றார். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. டாக்டரிடம் மறைக்காமல் சொன்னேன். இடைக்கால உதவியாகத் தோலுக்கடியில் போடும் சிறு ஊசிகளை எழுதினார்.

அதன் பிறகுதான் அந்தத் தூளைப் பற்றிப் படித்தேன். நம் உடம்பிலேயே சொமட்டோஸ்டாட்டின் என்று ஒரு ஹார்மோன் இருக்கிறது. 1973இல் விஞ்ஞானி ரோஜர் கியெமான் குழுவினர் அதைப் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் தேடியது வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பொருளை. கிடைத்ததோ அதை அடக்கும் பொருள். 14 அமினோ அமிலங்கள் கொண்ட அந்த ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும், மாதக்கணக்கில் தரும் மருந்தாக அது உதவாது. அதைப் போலவே நடந்துகொள்ளும்படி 8 அமினோ அமிலங்களில் செய்ததுதான் ஆக்ட்ரியோடைட். அதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அது பாதியாகக் குறையும் நேரம், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதையும் கண்ணுக்குத் தெரியாத பாலிமர் உருண்டைகளுக்குள் அடைத்து, தசைக்குள் மெல்ல மெல்லக் கசியும்படி செய்திருக்கிறார்கள். நான் குலுக்கியது வெறும் தூள் இல்லை, ஒரு மனிதருடைய நான்கு வாரம்.

இப்போது குப்பியை அரை மணி நேரத்துக்கும் மேல் வெளியே வைக்கிறேன். திரவத்தை விட்ட பிறகு தூள் முழுக்க நனையும் வரை தொடுவதில்லை. பிறகு குலுக்கி, படிய விடாமல் உடனே போட்டுவிட வேண்டும். நனையக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் வேறு வேலை எதுவும் பார்க்க முடியாது. அப்போதுதான் நோயாளிகள் பேசுவார்கள்.

அக்ரோமெகலி, அதாவது வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் நோய், உள்ள ஒருவர் வருவார். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வளர்ச்சி ஹார்மோன் குறையாததால் ஊசி. பல வருஷமாகச் செருப்பு அளவு கூடியிருக்கிறது, மோதிரம் கழற்ற முடியாமல் வெட்டி எடுத்திருக்கிறார்கள், பற்களுக்கிடையே இடைவெளி விழுந்திருக்கிறது. எல்லாம் வயசாவதால்தான் என்று இருந்துவிட்டார். ஊசி தொடங்கிய சில மாதங்களில் வியர்வை குறைந்தது, விரல் வீக்கம் வடிந்தது, தலைவலி விட்டது. பித்தப்பையில் கல் வரலாம், சர்க்கரை அளவு மாறலாம் என்பதால் அதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

ஒவ்வொரு முறையும் தாடையைத் தடவிக்கொண்டே, "இது பழையபடி ஆயிடுமா சிஸ்டர்?" என்பார். "பொறுங்க, பார்ப்போம்" என்றே சொல்லிவந்தேன். ஆறுதல் என்று நினைத்தேன், அது தப்பு. சதை வீக்கம் குறையும், வளர்ந்த எலும்பு திரும்பாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவரை மாதக்கணக்கில் காக்க வைத்திருக்கிறேன்.

போன மாதம் சொல்லிவிட்டேன். "தாடை இப்படியேதாங்க ஐயா இருக்கும். இதுக்கு மேல வளராம பார்த்துக்கத்தான் இந்த ஊசி." அவர் ஒன்றும் பேசவில்லை. மேசைமேல் இருந்த குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "தூள் நனைஞ்சிடுச்சா, பாருங்க சிஸ்டர்" என்றார்.

ஓரத்தில் இன்னும் கொஞ்சம் காய்ந்திருந்தது.