அய்யா ஒளிச்சு வச்ச பல்லி

மே 18, ஞாயிறு

இன்னைக்கு பிடிமண் குடுத்துட்டாங்க. கோயில்ல இருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, வெத்தலை பாக்கோட தாம்பாளத்துல வச்சு ஊர்த் தலைவரு, அம்பலம்னு சொல்லுவோம், அவரு எங்க சித்தப்பா கையில குடுத்தாரு, சித்தப்பா துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு வாங்கும்போது கை லேசா நடுங்குச்சு. இதுவரைக்கும் வாங்குனதெல்லாம் எங்க அய்யா, அப்பாவைப் பெத்தவரு. போன ஐப்பசியில போயிட்டாரு.

தெரியாதவங்களுக்கு சொல்லிடுறேன். எங்களுது வேளார் குடும்பம். காரைக்குடியில இருந்து திருமயம் போற ரோட்டுல இறங்கி உள்ள வரணும். அய்யனாருக்கு ஊர்க்காரங்க நேர்ந்துக்கிட்டா மண்ணுல குதிரை செஞ்சு குடுக்கறது எங்க வேலை, அதைத் தோள்ல தூக்கிட்டுப் போய் கோயில்ல இறக்குற திருவிழாதான் புரவி எடுப்பு. பிடிமண் வந்தாத்தான் வேலை ஆரம்பம், அது வராம ஒரு கால் கூட வனையக் கூடாது.

அய்யாவோட குதிரையை எந்தக் கோயில்ல பாத்தாலும் கண்டுபிடிச்சிடலாம். மத்த குதிரையெல்லாம் மொறைச்சுக்கிட்டு நிக்கும், அவருது பல்லைக் காட்டிச் சிரிக்கும். அதோட எங்கேயாவது ஒண்ணை ஒளிச்சு வச்சிருப்பாரு, சேணத்துக்கு அடியில ஒரு அணில், வாலுக்குப் பின்னாடி ஒரு தேளு. நோட்டு செல்லாதுன்னு சொன்னாங்கல்ல 2016-ல, அதுக்கு அடுத்த புரவியில மடிச்ச ஐநூறு ரூவா நோட்டை மண்ணுலயே செஞ்சு கழுத்து மணிக்குப் பின்னாடி சொருகி வச்சாரு. கொரோனாவுல ரெண்டு வருசம் விழா இல்லாம 2022-ல எடுத்தப்ப வயித்துக்கு அடியில ஒரு பல்லி, அந்தப் பல்லிக்கு மாஸ்க்கு! ஊர்ப் பிள்ளைகளுக்கு சாமி கும்பிடுறத விட குதிரைக்கு அடியில புகுந்து தேடுறதுதான் திருவிழா.

மே 23, வெள்ளி

கண்மாய் மண்ணு வந்து இறங்கிருச்சு. அதுல மணலும் உமியும் கலந்து நானும் அம்மாவும் மிதிச்சோம். உமி எதுக்குன்னு போன தடவை ஒருத்தர் கேட்டிருந்தீங்க, சூளையில அது எரிஞ்சு போயி மண்ணுக்குள்ள பொடிப்பொடியா ஓட்டை விழும், அதுனால உள்ள இருக்குற ஆவி வெளிய போயிரும், குதிரை வெடிக்காது. மிதிச்சு முடிச்சப்ப இடுப்பு கழண்டு போச்சு.

அப்பத்தா திண்ணையில உக்காந்துக்கிட்டு "ஏ புள்ள, மிதிக்கிறியா பரதநாட்டியம் ஆடுறியா"ன்னு ஒரே சத்தம்.

மே 28, புதன்

டிராயிங் சார் வந்தாரு. காரைக்குடியில வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, அய்யாவோட முதல் ரசிகர்னு அவரே சொல்லிக்குவாரு. புரவி எடுப்புக்கு எல்லாம் பசங்களைக் கூட்டிட்டு வந்து படம் வரைய வைப்பாரு. இன்னைக்கு மஞ்சப்பை நிறைய நோட்டு கொண்டாந்தாரு, பாத்துட்டு எனக்கு பேச்சே வரல. பக்கத்துக்கு ஒரு குதிரை, பென்சில்ல. ஓரத்துல வருசம், எந்த ஊர்க் கோயில், ஒளிஞ்சிருக்குற சாமானைச் சுத்தி சிவப்பு பேனாவுல ஒரு வட்டம். சில பக்கத்துல வட்டம் இல்ல, கேள்விக்குறி மட்டும். "அதெல்லாம் உங்க அய்யா கடைசி வரைக்கும் சொல்லல"ன்னாரு.

எங்ககிட்ட அய்யா போட்டோவே கல்யாண ஆல்பத்துல தேடுனாத்தான் கிடைக்கும். அவரு வேலைக்கு இந்த மனுசன் இப்படி கணக்கு வச்சிருக்காரு.

ஜூன் 1, ஞாயிறு

வாட்ஸ்அப் குரூப்புல சண்டை. அய்யா வேலை பிடிச்சவங்க சேந்து ஆரம்பிச்ச குரூப்புதான். ஒருத்தர் கோயில்ல இருக்குற பழைய குதிரைக்கெல்லாம் கெமிக்கல் பூசிக் காப்பாத்தணும்ங்கிறாரு, இன்னொருத்தர் சிமெண்ட்டு வச்சு ஒட்டணும்ங்கிறாரு, ஒரு ரிசார்ட்காரங்க நாலு குதிரையைக் குடுத்தா வாசல்ல பத்திரமா வச்சுக்கிறோம், எவ்வளவுன்னு சொல்லுங்கன்னு கேக்குறாங்க. நல்ல மனசோடதான் கேக்குறாங்க, நான் இல்லங்கல.

அப்பத்தாகிட்ட படிச்சுக் காமிச்சேன். "சாமிக்குக் குடுத்ததை நாம எப்படி விக்கிறது? அது வெயில்ல மழையில கிடந்து கரைஞ்சு போறதுக்குத்தான் செய்யிறது. பழசு அப்படியே நின்னா ஊர்ல எவன் புதுசு கேப்பான், உங்க சித்தப்பன் எதைச் செஞ்சு பழகுவான்?"

இதை அப்படியே டைப் பண்ணிப் போட்டு, கூடவே இதையும் எழுதுனேன். குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில்ல 33 அடி குதிரை நிக்குது, மாசிமகத்துக்கு காகிதப்பூ மாலையா வந்து குவியும், அது அப்படி நிக்கறதுக்குன்னே கட்டுனது. எங்களுது சுட்ட மண்ணு, உடையிறதுனாலதான் எங்க வீட்ல தலைமுறை தலைமுறையா இந்த வேலை இருக்கு. போட்டோ எடுங்க, வரைஞ்சு வைங்க, ஆனா பூச்சு வேணாம்னு முடிச்சேன். ரெண்டு பேரு குரூப்பை விட்டுப் போயிட்டாங்க, போகட்டும்.

சென்னைக்குப் போனப்ப சித்தப்பாவை முட்டுக்காடு தட்சிணசித்ரா மியூசியத்துக்கு கூட்டிட்டுப் போனது ஞாபகம் வருது. அங்க செட்டிநாட்டு வீடெல்லாம் சுத்திட்டு மண்குதிரைகிட்ட வந்து நின்னு, குனிஞ்சு வயித்துக்கு அடியில பாத்துட்டு "ஒண்ணுமே ஒளிச்சு வைக்கலயேத்தா"ன்னு அவ்வளவு வருத்தப்பட்டாரு.

ஜூன் 5, வியாழன்

இன்னைக்கு வாய் வைக்கிற வேலை. கால் நாலும் நிறுத்தி, அது இறுகுனதும் வயிறு, அப்பறம் கழுத்துன்னு மேல ஏத்தியாச்சு, அவசரப்பட்டா கனம் தாங்காம கால் உக்காந்துரும். சித்தப்பா உள்ள உருண்டைக் கல்லைக் குடுத்து வெளிய பலகையால தட்டித் தட்டி மூஞ்சியைக் கொண்டாந்தாரு. மூங்கில் சிலாம்புல வாயைக் கீறி, உதட்டை கட்டை விரலால மேல தூக்கி விட்டு, சின்னச் சின்ன மண் உருண்டையை ஒண்ணொண்ணா உள்ள வச்சு அமுக்குனா பல்லு. பாத்தா சிரிக்கல, பல்லு வலிக்கிற மாதிரி இருந்துச்சு. பிச்சுட்டு மறுபடி. கடைசியில அப்பத்தா எந்திரிச்சு வந்து ரெண்டு விரலால கன்னத்துல லேசா ஒரு குழி போட்டுச்சு. அவ்வளவுதான், குதிரை சிரிச்சிருச்சு.

இத்தனை வருசமா பக்கத்துல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டே பாத்திருக்கு, ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்ல.

ஜூன் 9, திங்கள்

கானாடுகாத்தான்ல ஒரு ஆச்சி வீட்டுக்குப் போனேன், டிராயிங் சார்தான் அனுப்புனாரு. பட்டாலைங்கிற கூடத்துல ஒரு ஓரத்துல அய்யா செஞ்ச மண் நாய், காதைச் சொறிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கு. "வா ஆத்தா, வேளார் பேத்தியா நீயி. பேரப்பிள்ளைக சிங்கப்பூர்ல இருந்து வந்தா மொதல்ல இதுக்குத்தான் பிஸ்கட் வைக்கும்"னு சொல்லிட்டு பணியாரம் குடுத்தாங்க. நாயைப் போட்டோ எடுத்துக்கிட்டேன். இந்த மாதிரி யார் யார் வீட்ல இருக்குன்னு ஒரு நோட்டு போட ஆரம்பிச்சிருக்கேன்.

ஜூன் 13, வெள்ளி

சூளை போட்டாச்சு. வறட்டி, விறகு, மேல வைக்கோல், அதுக்கு மேல மண் பூச்சு. சாயங்காலம் மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு, தார்ப்பாயைத் தூக்கிட்டு தெருவே ஓடியாந்துச்சு, நாலு தூறலோட விட்டுருச்சு. ஒரு குதிரைக்கு மட்டும் காது போச்சு.

ஜூன் 20, வெள்ளி

புரவி எடுப்பு. காலையில வர்ணம் காஞ்சு, கண் திறந்து, துண்டு மாலை போட்டு புரவிப் பொட்டல்ல நிறுத்தியாச்சு. கொட்டுச் சத்தத்துல அரண்மனை பேருல செய்யிற புரவி முன்னாடி போக, நேர்த்திக்கடன் புரவியும் மதலைன்னு சொல்ற பிள்ளைப் பொம்மையும் பின்னாடி. தூக்குற ஆளுகளுக்கு மேல அந்த வரிசை பல்லைக் காட்டிக்கிட்டே குலுங்கிக் குலுங்கிப் போகுது, ரோட்டோரம் பஸ்ஸை நிறுத்திட்டு டிரைவர் சிரிக்கிறாரு.

கோயில்ல இறக்குன உடனே பிள்ளைக புகுந்துட்டாங்க. நான் செஞ்ச ஓணானை அஞ்சு நிமிசத்துல கண்டுபிடிச்சுட்டாங்க, இன்னும் கஷ்டமா வைக்கணும்போல. சித்தப்பா வச்சதுதான் யாருக்கும் கிடைக்கல. டிராயிங் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்துட்டு நோட்டுல கேள்விக்குறி போட்டாரு.

அப்பத்தா கண்டுபிடிச்சிருச்சு. காது உடைஞ்ச குதிரைக்கு புதுக் காது வச்சு மண்ணால பூசியிருந்தாரு சித்தப்பா, அந்தக் காதுக்குள்ள பீடி பிடிச்சுக்கிட்டு ஒரு ஆளு, மடிச்சுக் கட்டுன வேட்டியோட.

"அவருக்கு மூக்கு இம்புட்டுப் பெருசாடா?"ன்னு கேட்டுச்சு.

"பெருசுதானே ஆத்தா"ன்னாரு சித்தப்பா.

"அதுக்குன்னு இப்படியா வைப்ப!"

சார் கேள்விக்குறியை அடிச்சுட்டு சிவப்பு பேனாவைத் தேடுனாரு. பக்கத்து ஊர்லயும் ஆனியில பிடிமண் குடுக்குறதா சொல்லியிருக்காங்க, அதுக்கு மூக்கைச் சின்னதா வைக்கணும்னு இப்பவே உத்தரவு.